அம்மா பெயரே இனிஷியல்

நெப்பந்தஸ் விதை வீட்டுக்கு வந்ததும் முதலில் செய்ய வேண்டிய வேலை மின்விசிறியை நிறுத்துவது. தலைமுடி கனத்தில் ஒரு கீற்று, இரு முனையிலும் வால், நடுவில் புள்ளியளவு கரு. அவ்வளவுதான் விதை. போர்னியோ காட்டில் காற்றேறிப் போய் எங்காவது விழுவதற்கென்றே அமைந்த உடம்பு அது. கூடத்து மேஜையில் பொட்டலத்தைப் பிரித்தாலும் தன் கடமையை மறப்பதில்லை. ஒரு செடி பூத்துக் காய்த்தால் ஆயிரக்கணக்கில் விதை கொட்டுமே என்று ஆறுதல் சொல்லலாம். காசு கொடுத்து இருபது விதை வரவழைத்தவரிடம் அந்த ஆறுதல் எடுபடாது.

பள்ளிக்கூடப் பாடத்தில் ‘பூச்சியுண்ணும் தாவரம்’ என்று ஒரு மதிப்பெண்ணுக்கு வந்துபோகும் செடிதான் இது. குடுவைத் தாவரம் என்று படித்திருப்போம். இலையின் நுனி நீண்டு கொடியாகி, கொடியின் நுனி குடுவையாக ஊதி, அதற்கு ஒரு மூடியும் முளைத்து, உள்ளே செரிமான நீரோடு எறும்புக்காகக் காத்திருக்கும். மடகாஸ்கரில் தொடங்கி நியூ கலிடோனியா வரை 160க்கும் மேற்பட்ட இனங்கள். பெருங்கூட்டம் போர்னியோ, சுமத்ரா, பிலிப்பைன்ஸ் பக்கம். இந்தியாவின் பங்குக்கு மேகாலய மலைகளில் ஒன்று, இலங்கையின் பங்குக்கு ஒன்று, அந்தச் சின்ன சிங்கப்பூருக்கு மூன்று. நியாயமான பங்கீடு என்று சொல்ல முடியாது.

விதைப்பது சுலபம். ஈரமான ஸ்பேக்னம் பாசியின் மேல் தூவ வேண்டும். மண்ணைப் போட்டு மூடக் கூடாது. வெளிச்சம் வேண்டும், வெயில் கூடாது. காற்றில் ஈரம் குறையாமல் மேலே ஒரு பிளாஸ்டிக் மூடி. பிறகு ஒரு மாதமோ, இரண்டு மாதமோ, அதற்கு மேலோ சும்மா இருக்க வேண்டும். சும்மா இருப்பதுதான் கஷ்டம். விதை பழசாக இருந்தால் முளைக்காது. புதுசாகவே இருந்தாலும் முளைக்கிற மனநிலை அதற்கு வர வேண்டும். அதற்குள் பூஞ்சை வந்து நாற்றழுகல் பரப்பும். அது வராவிட்டால் பாசியே செழித்து வளர்ந்து நாற்றுகளை மூழ்கடிக்கும். காலையில் எழுந்ததும் பூதக்கண்ணாடியும் கையுமாகப் பெட்டிக்கு முன் குந்தியிருப்பவரைப் பார்த்து வீட்டில் உள்ளவர்கள் பேசிக்கொள்வதை இங்கே எழுத வேண்டியதில்லை.

முளைத்துவிட்டால் ஒரு அதிசயம். இரண்டு விதையிலைகள் விரிந்ததும் அடுத்து வருகிற முதல் இலையே குடுவையோடுதான் வரும். மில்லிமீட்டர் கணக்கில் ஒரு குடுவை, அதற்கொரு மூடி, உள்ளே ஒரு துளியிலும் துளி நீர். நேற்றுப் பிறந்த குழந்தை இன்று வேட்டைக்குக் கிளம்பிவிட்டது.

சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. ராஜா என்ற இனமானாலும் ரஃப்லீசியானா என்ற இனமானாலும், பெரிதாக வித்தியாசம் தெரியாத அதே குட்டிக் குடுவை. பொட்டலத்தின் மேல் எழுதியிருந்த பெயர்தான் உள்ளே இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளச் செடி வளர வேண்டும். அது வளர்கிற வேகம் அரசாங்கக் கோப்பின் வேகத்தை ஒத்தது. மூன்று நான்கு வருஷம் தண்ணீர் ஊற்றிப் பாதுகாத்த பிறகு ஒருநாள் குடுவையின் உதட்டில் இருக்கக் கூடாத ஒரு சிவப்புக் கோடு எட்டிப் பார்க்கும். யார் சாடையோ தெரிகிறதே என்று வளர்ப்பவர் உட்கார்ந்துவிடுவார். அந்தச் சாடை யாருடையது என்பதுதான் இந்தப் பொழுதுபோக்கில் ஈடுபட்ட அத்தனை பேரையும் பிடித்து ஆட்டுகிற கேள்வி.

கேள்விக்குக் காரணம் செடியின் குடும்ப அமைப்பு. நெப்பந்தஸில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. எது எது என்று பூக்கும்வரை தெரியாது. பூக்கச் சில வருஷமாகும், ராஜா போன்றவை பத்து வருஷத்துக்கு மேலும் எடுத்துக்கொள்ளும். கடைசியில் வீட்டுச் செடி பெண் என்று தெரியவந்தால், அதே இனத்தில், அதே வாரத்தில் பூத்த ஆண் செடி ஒன்று ஊரில் எங்காவது இருக்கிறதா என்று தேட வேண்டும். வரன் தேடும் படலம் அப்படியே நடக்கும். தெரிந்தவர்களிடம் சொல்லி வைப்பார்கள். அயலூரில் ஒரு பையன் இருக்கிறானாம், மகரந்தம் ஃப்ரீசரில் பத்திரமாக இருக்கிறதாம், தபாலில் அனுப்புவார்களாம் என்று தகவல் வரும். பூ வாடுவதற்குள் தபால் வர வேண்டும். வராவிட்டால் பக்கத்துத் தொட்டியில் வேற்று இனத்து ஆண் ஒன்று கைக்கெட்டிய தூரத்தில் பூத்துக் குலுங்கிக்கொண்டிருக்கும். ‘நல்ல பையனாத்தான் தெரியுது’ என்று ஒரு பஞ்சுக்குச்சியை எடுப்பார் வளர்ப்பவர். கலப்பினங்களில் கணிசமானவை கொள்கையால் பிறந்தவை அல்ல, இப்படி அவசரத்தில் பிறந்தவை.

அதற்கு இயற்கையும் தடை சொல்வதில்லை. ஆராய்ந்து பார்த்த நெப்பந்தஸ் இனங்களில் எல்லாம் குரோமோசோம் எண்ணிக்கை 80. அநேகமாக எந்த இனத்தோடு எந்த இனத்தைச் சேர்த்தாலும் விதை பிடிக்கும். குதிரைக்கும் கழுதைக்கும் பிறந்த கோவேறு கழுதை அத்தோடு நின்றுவிடும். இங்கே பிறக்கும் பிள்ளைகளும் வளமானவை, அவையும் பூக்கும், கூடும், காய்க்கும். மூன்று தலைமுறையில் குடும்ப மரம் குறுக்கெழுத்துப் போட்டி மாதிரி ஆகிவிடும்.

பெயர் எழுதுவதில் வளர்ப்பவர்களுக்கு ஒரு நல்ல வழக்கம் உண்டு. பெருக்கல் குறிக்கு முன்னால் தாயின் பெயர், பின்னால் தந்தையின் பெயர். நம் ஊரில் அப்பா பெயரின் முதலெழுத்தை முன்னால் போட்டுக்கொண்டு அலைகிறோம். இங்கே அம்மாதான் இனிஷியல். அதற்குக் காரணம் பெண்ணியம் அல்ல. காய் யார் மேல் காய்த்தது என்பது கண்ணுக்குத் தெரியும். மகரந்தம் யாருடையது என்பது சொன்னவரின் நாணயத்தைப் பொறுத்தது.

அந்த நாணயத்தின் வரலாறு இங்கிலாந்தில் தொடங்குகிறது. வீட்ச் குடும்பத்தின் நர்சரியில் ஜான் டொமினி என்றொரு தோட்டக்காரர் இருந்தார். ஜான் ஹாரிஸ் என்ற எக்ஸிட்டர் நகரத்து அறுவை மருத்துவர் ஒருவர், ஆர்க்கிட் பூவின் உள்ளமைப்பை விளக்கி, செயற்கையாக மகரந்தம் சேர்க்கலாமே என்று அவருக்கு யோசனை சொன்னார். 1856இல் டொமினியின் முதல் ஆர்க்கிட் கலப்பினம் பூத்தது. அதைப் பார்த்த தாவரவியலாளர் ஜான் லிண்ட்லி, எங்கள் ஆட்களுக்கெல்லாம் பைத்தியம் பிடிக்க வைக்கப்போகிறீர்கள் என்று சொன்னதாகச் சொல்வார்கள். டொமினி அத்தோடு நிற்கவில்லை. 1862இல் முதல் செயற்கை நெப்பந்தஸ் கலப்பினத்தை வெளியே காட்டினார். அதற்கு டொமினியை என்று அவர் பெயரே வந்தது.

அதன் பெற்றோர் யார்? ஒரு பக்கம் ரஃப்லீசியானா. இன்னொரு பக்கம், போர்னியோவிலிருந்து வந்த, பச்சைக் குடுவை கொண்ட, பெயர் வைக்கப்படாத ஏதோ ஒரு இனம். உலகத்தின் முதல் கலப்பின நெப்பந்தஸின் பிறப்புச் சான்றிதழிலேயே ஒரு கட்டம் காலி. இன்று தூய்மை பற்றி மேஜையைத் தட்டிப் பேசுகிறவர்கள் இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொண்டால் மேஜைக்கு நல்லது.

வீட்ச் நர்சரியின் இன்னொரு சம்பந்தம் இதைவிடச் சுவையானது. ஊர் ஊராகப் போய்ச் செடிகளை வரைந்துகொண்டிருந்த மேரியன் நார்த் 1876இல் சரவாக்கில் ஒரு பிரம்மாண்டமான குடுவையை வரைந்தார். படம் லண்டன் போயிற்று. படத்தைப் பார்த்த வீட்ச், இந்தப் பெண் யார் வீட்டுப் பெண் என்று கேட்டு, சார்லஸ் கர்ட்டிஸ் என்ற சேகரிப்பாளரைக் கப்பலேற்றி அனுப்பினார். செடி கிடைத்தது. 1881இல் ஜோசப் ஹூக்கர் அதற்கு ஓவியரின் நினைவாக நார்த்தியானா என்று பெயரிட்டார். பெண் வீடு வந்து சேர்ந்ததும் மாக்சிமா என்ற மாப்பிள்ளையோடு கல்யாணம். 1893இல் மிக்ஸ்டா என்றொரு பிள்ளை. அதற்குள் எடின்பரோவின் அரச தாவரவியல் பூங்காவில் ரஃப்லீசியானாவுக்கும் வீட்சியைக்கும் பிறந்த டிக்சோனியானா வளர்ந்து நின்றது. மிக்ஸ்டாவையும் டிக்சோனியானாவையும் சேர்த்து வைத்து, 1900இல் டயரியானா. தாத்தா பாட்டி நால்வரும் நான்கு இனம். நம் மேகாலயத்துக் காசியானாகூட இந்தக் காலத்தில் லண்டன் கண்ணாடி வீட்டுக்குப் போய், மலாயாவின் சாங்வினியாவோடு சேர்ந்து மாஸ்டர்சியானாவுக்குப் பெற்றோர் ஆயிற்று. குடும்பத்தில் வெளிநாட்டுச் சம்பந்தம் அன்றைக்கே உண்டு.

இதெல்லாம் மனிதன் புகுந்து கெடுத்தது, காட்டில் இப்படி நடக்காது என்று நினைப்பவர்கள் சபா மாநிலத்துக் கினபாலு மலைக்குப் போய் வரலாம். அங்கே ராஜா இருக்கிறது. சரவாக்கை ஆண்ட ஜேம்ஸ் புரூக்கின் நினைவாக ஹூக்கர் வைத்த பெயர். மூன்றரை லிட்டர் தண்ணீர் பிடிக்கும் குடுவை. உள்ளே எலி செத்துக் கிடந்ததை 19ஆம் நூற்றாண்டிலேயே பார்த்தவர்கள் உண்டு. மலையில் வாழும் மர மூஞ்சூறு ஒன்று குடுவையின் விளிம்பில் ஏறி உட்கார்ந்து, மூடியில் சுரக்கும் தேனை நக்கிக்கொண்டே, உட்கார்ந்த இடத்தை இருக்கையாக மட்டும் பயன்படுத்தாமல் போகிறது என்பதும் நிரூபணமாகியிருக்கிறது. செடிக்கு அது நல்ல உரம்.

இந்த மகாராஜா மலையில் உள்ள மற்ற நெப்பந்தஸ்களோடு சம்பந்தம் வைத்துக்கொண்டவர். பர்பிட்ஜியேயோடு சேர்ந்ததில் அலிசபுத்ரானா. சற்று உயரத்தில் வில்லோசாவோடு சேர்ந்ததில் கினபாலுவென்சிஸ். ராஜாவின் எல்லை முடிந்து வில்லோசாவின் எல்லை தொடங்குகிற அந்த ஊடுபகுதியில்தான் பிள்ளையின் வாசம். அது வளமாகப் பூத்துக் காய்த்து நிலைத்துவிட்டதால், இனி இதைத் தனி இனமாகவே கொள்ளலாம் என்று வாதாடிய தாவரவியலாளர்களும் உண்டு, கூடவே கூடாது என்றவர்களும் உண்டு. ஆக, கலப்பு எந்தத் தலைமுறையில் தூய்மையாக மாறுகிறது என்பது நிபுணர்களுக்கே தகராறு.

சிங்கப்பூரில் தகராறுகூட இல்லை. மூன்று இனங்களும் பக்கத்துப் பக்கத்து வீடு. ஆம்புல்லேரியாவும் ரஃப்லீசியானாவும் சேர்ந்தால் ஹூக்கரியானா. ஆம்புல்லேரியாவும் கிராசிலிஸும் சேர்ந்தால் ட்ரைகோகார்ப்பா. மலேசியாவில் சில ஊர்களில் ஆம்புல்லேரியாவின் குடுவைகளைக் கழுவி, ஒட்டரிசியும் தேங்காய்ப் பாலும் நிரப்பி வேகவைத்து விற்கிறார்கள். சாப்பிடுகிறவர்கள் குடுவையின் பூர்வோத்தரம் விசாரிப்பதாகத் தெரியவில்லை.

இவ்வளவு கிண்டலுக்குப் பிறகும் தூய்மைக் கட்சிக்காரர்களைத் தள்ளிவிட முடியாது. அவர்கள் பக்கம் ஒரு வலுவான வாதம் இருக்கிறது. மேற்குக் கலிமந்தானில் கெலாம் என்ற ஒற்றைப் பாறை மலையில் மட்டும் வளர்வது கிளிப்பியேட்டா. சேகரிப்பவர்களின் ஆசையும் காட்டுத் தீயும் சேர்ந்து அதை அழிவின் விளிம்புக்குத் தள்ளிவிட்டன. வீடுகளில் வளரும் கிளிப்பியேட்டா ஒன்று பெண்ணாகப் பூத்து, அதற்குக் கிளிப்பியேட்டா ஆண் கிடைத்து விதை பிடித்தால், அந்த விதைக்கு ஒரு அர்த்தம் உண்டு. என்றாவது மலைக்குத் திருப்பி அனுப்பலாம். அழகுக்காக வேறொன்றோடு சேர்த்த விதையை அனுப்ப முடியாது. காசியானாவின் நிலையும் கவலைக்குரியதுதான். அதுவும் ராஜாவும் மட்டும்தான் இந்தப் பேரினத்தில், அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் மிகக் கடுமையான முதல் பட்டியலில் இருப்பவை. தெற்கு காரோ மலையில் பாக்மாரா என்ற இடத்தில் காசியானாவுக்கென்றே ஒரு சரணாலயம் இருக்கிறது. அங்கே பக்கத்துத் தோட்டத்து மாப்பிள்ளையை அறிமுகம் செய்து வைக்கிற வேலை வேண்டாம்.

ஆனால் பால்கனித் தொட்டிக்கும் பாக்மாராவுக்கும் வித்தியாசம் தெரியாமல் சிலர் பேசும்போதுதான் வென்ட்ராட்டாவின் கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. உலகம் முழுக்க நர்சரிகளில் மிகச் சாதாரணமாகக் கிடைக்கும் நெப்பந்தஸ் அது. பல காலமாக ‘அலாட்டா’ என்ற சீட்டோடு விற்பனையாகிறது. அது அலாட்டா இல்லை, வென்ட்ரிகோசாவுக்கும் அலாட்டாவுக்கும் பிறந்தது என்று விவரம் தெரிந்தவர்கள் திருத்தினார்கள். இரண்டு பெயரையும் வெட்டி ஒட்டித்தான் வென்ட்ராட்டா. எல்லாரும் சீட்டை மாற்றி எழுதி முடித்த பிறகு, பிலிப்பைன்ஸ் அலாட்டாவையே தாவரவியலாளர்கள் பிரித்துப் போட்டார்கள். 2013 வாக்கில் கிடைத்த தீர்ப்பு: பெற்றோரில் ஒருவர் கிராசிலிஃப்ளோரா, அலாட்டா அல்ல. இப்போது அந்தச் செடியின் பெயரின் பின்பாதி, குடும்பத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒருவருடையது.

இதை எழுதுபவர் வாங்கிய தொட்டியிலும் ‘அலாட்டா, ஒரிஜினல்’ என்றுதான் சீட்டு இருந்தது. அடுத்த முறை அந்த நர்சரிக்குப் போனபோது கிராசிலிஃப்ளோரா விவகாரம் முழுவதையும் கடைக்காரரிடம் பொறுமையாக எடுத்துச் சொன்னார். அவர் அதைவிடப் பொறுமையாகக் கேட்டார்.

“பூச்சி புடிக்குதா சார்?”

“புடிக்குது.”

“அப்புறம் என்ன சார்” என்றவர், மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு பாக்கெட்டை எடுத்து நீட்டினார். அட்டையில் ராயல் நீல நிறத்தில் பளபளக்கும் குடுவை. அப்படி ஒரு நிறத்தில் நெப்பந்தஸ் உலகத்தில் எங்கும் கிடையாது. உள்ளே இருந்த விதைகள் குண்டாக, உருண்டையாக, மின்விசிறிக்கு அசையாமல் கிடந்தன.

“இது பியூர் சார். கலப்பே கிடையாது.”