நான்காவது பந்தயம்

ஒலிம்பிக் டிரையத்லானில் 1,500 மீட்டர் நீச்சல், 40 கிலோமீட்டர் சைக்கிள், 10 கிலோமீட்டர் ஓட்டம். நியூசிலாந்தில் 1992 முதல் நடந்துவரும் வீட்-பிக்ஸ் சிறுவர் டிரையத்லானில் தூரம் கொஞ்சம்தான். பதக்கமும் எல்லாருக்கும் உண்டு. பதற்றம் மட்டும் பெற்றோருக்கு ஒலிம்பிக் அளவில்.

நீச்சல் முடித்துச் சைக்கிளுக்கு மாறும் இடத்தில்தான் வேடிக்கை. ஈரக் காலில் சாக்ஸ் ஏற மறுக்கிறது. ஹெல்மெட் வாரை மாட்டாமல் சைக்கிளைத் தொடக்கூடாது என்பது டிரையத்லான் விதி. ஆறு வயதுப் பையன்கூட அதை மறப்பதில்லை, வேலிக்கு அப்பால் நின்று “அதெல்லாம் அப்புறம், கிளம்பு, கிளம்பு!” என்று தொண்டை கிழியக் கத்தும் அப்பாதான் மறந்துபோகிறார். உடை மாற்றும் நேரமும் மொத்தக் கணக்கில் சேருமே என்ற கவலை அவருக்கு.

பையனோ இன்னொரு சாக்ஸை நிதானமாக உதறி, மணலைத் தட்டிவிட்டு, சாப்பாடு எப்போது என்று விசாரிக்கிறான்.