நிலையான ஆள் தேவை

திருக்கோணமலையில் ஒரு நேர்முகப் பரீட்சை. பத்து வருஷத்தில் நாலு கொம்பனி மாறிய பொடியனைப் பார்த்து முகாமையாளர் முகம் சுளித்தார். "ஓரிடத்தில நிலைக்க மாட்டீரோ தம்பி?"

நியாயம்தானே. நல்லவேளை, யன்னலுக்கு வெளியே கிடந்த துறைமுகம் விண்ணப்பம் போடவில்லை. அதன் சுயவிபரக் கோவை படுமோசம். முதலில் போர்த்துக்கேயர், பிறகு ஒல்லாந்தர். 1782 ஜனவரியில் ஆங்கிலேயரிடம் சேர்ந்து, ஓகஸ்ட் கடைசியில் பிரெஞ்சுக்காரரிடம் தாவல்! சமாதானம் பேசி முடித்ததும் வெட்கமில்லாமல் பழைய ஒல்லாந்தரிடமே திரும்பியது. 1795 இல் மறுபடி ஆங்கிலேயர். அங்கேதான் கொஞ்சம் அடங்கியிருந்தது. 1957 இல் கடற்படைத் தளம் கைமாறும்வரை. இப்படியொரு ஓடுகாலியை யார் எடுப்பார்கள்? வல்லரசுகள் மட்டும் இன்னும் ஆசைப்படுகின்றன. அவர்களுக்கு ஆட்சேர்ப்பு தெரியாது.

அடுத்தவர் இருபத்திரண்டு வருஷம் ஒரே கதிரை. "முன்னேறும் எண்ணமில்லை, துருப்பிடித்த ஆள்" என்று குறிப்பெழுதினார் முகாமையாளர். இதுவும் சரிதான். அதே ஊரின் சீனக்குடா எண்ணெய்க் குதங்களைப் பாருங்கள். இரண்டாம் உலகப் போருக்கு முன்பிருந்தே அசையாத விசுவாசிகள். பெரும்பாலானவை பல தசாப்தங்கள் வெறுமையாய் நின்றன. 2022 ஜனவரியில்தான் பரிசு கிடைத்தது: 99 குதங்களில் 14 இந்திய எண்ணெய் நிறுவனத்தின் கிளைக்கு, 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 இருவரின் கூட்டுக்கு. குதங்களின் விருப்பத்தை எவரும் கேட்கவில்லை. நேர்முகப் பரீட்சை இல்லாமலே நியமனம்!

கடைசியில் தெரிவானவர் மூன்றாமவர். அளவாக மாறியவர், அளவாக நிலைத்தவர். நிறுவனத்தோடு நீண்டகாலம் இருப்பதாக வாக்குறுதி வாங்கிக்கொண்டு, நியமனக் கடிதத்தை நீட்டினார்கள்.

ஆறு மாத ஒப்பந்தம்.