கனமா இருந்தா உழைக்கும்

எண்பதுகளின் நடுவில் மதுரையில் விலை குறைந்த கிட்டார், விலை கூடிய கிட்டார் என்று இரண்டு ரகம் கிடையாது. கிட்டார் என்றால் கல்கத்தாவிலிருந்து ரயிலில் வருவது, அவ்வளவுதான். டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு கடையில், ஆர்மோனியப் பெட்டிகளுக்கு மேலே கழுத்தில் கயிறு மாட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். தலையில் வெள்ளைக்காரப் பெயர் ஒன்று பொன்னெழுத்தில் மினுங்கும். தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டால் முதலாளி ஏற இறங்கப் பார்ப்பார். "வாங்குறதா இருந்தா இறக்குறேன் தம்பி. சும்மா பாக்குறதுன்னா அங்கேருந்தே பாருங்க."

1982-இல் 'பயணங்கள் முடிவதில்லை' வந்தது. 'இளைய நிலா' பாட்டின் தொடக்கத்தில் கிட்டார் உதிர்வதைக் கேட்டதிலிருந்து, மீசை முளைத்தவன் முளைக்காதவன் எல்லோருக்கும் ஒரே வியாதி. கிட்டார் தெரிந்தவர்கள் ஊரில் இரண்டே இடத்தில் இருந்தார்கள்: சர்ச் கொயர், கல்யாண மெல்லிசைக் குழு. இரு தரப்பும் கடைக்குக் கூட வரத் தயாராக இல்லை. ஆகவே என் கிட்டாரைத் தேர்ந்தெடுத்தவர் அப்பா.

அப்பா பீரோவோ சைக்கிளோ இட்லிக் குண்டானோ எதையும் தூக்கிப் பார்த்து வாங்குகிறவர். தொங்கிய மூன்றையும் இறக்கச் சொல்லி ஒவ்வொன்றாகக் கையில் ஏந்தினார். "இதுதான் கனமா இருக்கு. உழைக்கும்" என்று ஒன்றை எடுத்தார். முதலாளி அதை ஆமோதித்தார். எதை எடுத்திருந்தாலும் ஆமோதித்திருப்பார். நல்ல கிட்டாரின் மேல்பலகை ஏறக்குறைய 3 மில்லிமீட்டர்தான் இருக்கும், அதன் அடியில் குறுக்கே ஒட்டிய சன்னமான சட்டங்கள்தான் கம்பிகளின் இழுவையைத் தாங்கும், பலகை அதிர்ந்தால்தான் சத்தம் வரும் என்பதெல்லாம் கடையில் யாருக்கும் தேவைப்படவில்லை. அப்பா எடுத்த கிட்டார் உழைத்தது. இன்றும் பரணில் கீறல் விழாமல் இருக்கிறது. சத்தம் மட்டும் அன்றைக்கும் வரவில்லை.

கம்பிகளை ஏந்தி நிற்கும் அதன் பிரிட்ஜைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மேல்பலகையில் ஒட்டிய பிரிட்ஜ் இல்லை. அடிப்பக்கம் ஒரு தகடு, அதில் மாட்டிய கம்பிகள், அவற்றின் அழுத்தத்தில் வெறுமனே நின்றுகொண்டிருக்கும் மரத்துண்டு. கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு பெரியார் நிலையத்தில் பஸ் ஏறி இறங்கினால் துண்டு கால் அங்குலம் நகர்ந்திருக்கும். கழுத்தில் குறுக்கே பதித்த சன்ன உலோகப் பட்டைதான் ஃப்ரெட்; 12ஆவது ஃப்ரெட் என்பது கம்பியின் நேர் பாதி. அங்கே அழுத்தினால் அதே ஸ்வரம் மேல் ஸ்தாயியில் வர வேண்டும். பிரிட்ஜ் நகர்ந்தால் பாதி பாதியாக இருக்காது. கீழே சுருதி சேர்த்தால் மேலே சேராது, மேலே சேர்த்தால் கீழே சேராது. கொயர்க்கார அண்ணன் ஒருவர் கடைசியில் மனமிரங்கி, பென்சிலால் இரண்டு பக்கமும் கோடு போட்டுக் கொடுத்தார். வியர்வையில் கோடு அழியும்வரை என்னிடம் சுருதி இருந்தது.

கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் உள்ள உயரத்தை ஆக்‌ஷன் என்பார்கள். அந்தச் சொல்லை எங்களுக்குச் சினிமாப் போஸ்டரில்தான் தெரியும். 12ஆவது ஃப்ரெட்டில் தடித்த கம்பிக்கு இரண்டரை மில்லிமீட்டர், மெல்லிய கம்பிக்கு இரண்டு என்பது நிதானமான அளவு. என்னுடையதில் தாராளமாக அரை சென்டிமீட்டர். ஆறு இரும்புக் கம்பிகளும் சேர்ந்து சுமார் 70 கிலோ இழுவையில் கழுத்தை முன்னால் வளைத்திருந்தன. அந்த வளைவை நிமிர்த்தத்தான் கழுத்துக்குள் இரும்புத் தண்டு வைப்பார்கள். அமெரிக்காவில் 1920-களிலேயே வந்துவிட்ட ஏற்பாடு. என் கிட்டாருக்குள் தண்டு இருந்ததோ என்னவோ, அதைத் திருகும் சாவியை யாரும் தரவில்லை. எஃப் கார்டு பிடிக்க ஆள்காட்டி விரலை ஆறு கம்பிக்கும் குறுக்கே படுக்கப்போட்டால் மூன்று கம்பி பேசும், மூன்று 'தப்'பென்று இருமும். சொல்லிக்கொடுத்த மாஸ்டர் என் விரலைத்தான் உற்றுப் பார்த்தார். "காய்ப்பு விழணும்டா, அதுவரைக்கும் வலிக்கும்" என்றார். காய்ப்பு விழுந்தது. அதைப் பதக்கம் மாதிரி காட்டித் திரிந்தோம். கிட்டார்க்காரனா என்று தெரிந்துகொள்ள வாசிக்கச் சொல்ல மாட்டார்கள், விரல் நுனியைத் தடவிப் பார்ப்பார்கள். அந்த ஏற்பாடு எங்களுக்கும் வசதியாகத்தான் இருந்தது.

இப்போது அக்கா மகன் சென்னையில் கிட்டார் வாங்குகிறான். பத்தாயிரம் ரூபாய்க்குள் வேண்டும் என்றான். "நீங்க கூட வாங்க மாமா, எக்ஸ்பீரியன்ஸ் இருக்குல்ல" என்று மரியாதைக்குக் கூப்பிட்டான். நானும் மரியாதைக்குப் போனேன்.

அண்ணா சாலைக் கடையில் ஏசி இருந்தது, உட்கார ஸ்டூல் இருந்தது. எதை வேண்டுமானாலும் எடுத்து வாசிக்கலாம். பையன் வாசிக்கவில்லை. தோள்பையிலிருந்து ஸ்டீல் ஸ்கேலை எடுத்தான். முதலில் கிட்டாரைத் தலைப்பக்கமிருந்து ஏந்தி, தச்சர் சட்டத்தை நோட்டம் விடுவதுபோல் ஒரு கண்ணை மூடிக் கழுத்தின் ஓரத்தைப் பார்த்தான். முதல் ஃப்ரெட்டையும் 14ஆவது ஃப்ரெட்டையும் ஒரே நேரத்தில் அழுத்தி, நடுவில் கம்பிக்கடியில் விசிட்டிங் கார்டு நுழைகிறதா என்று பார்த்தான். நுழைந்தது. ஆக்‌ஷனை அளந்தான். ஃப்ரெட் முனைகளில் கட்டைவிரலை ஓட்டினான்; எங்கேயோ ஒன்று உரசியிருக்க வேண்டும், அந்தக் கிட்டாரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அதே மாடலில் இன்னொன்று கேட்டான். அதன் வயிற்றுக்குள் போன் வெளிச்சத்தை அடித்து, சின்னக் கண்ணாடியை நுழைத்து, சட்டங்களின் ஓரத்தில் பசை வழிந்திருக்கிறதா என்று பார்த்தான். கடைசியாக டியூனரைத் தலையில் கவ்வவிட்டு, 12ஆவது ஃப்ரெட்டில் ஒருமுறை தொட்டும் ஒருமுறை அழுத்தியும் மீட்டினான். இரண்டு தடவையும் முள் ஒரே இடத்தில் நின்றது.

எனக்கு வயிறு எரிந்தது. அவன் செய்தது ஒவ்வொன்றும் சரி. அதைவிட எரிச்சல், அந்தக் கிட்டார் ஒவ்வொன்றிலும் தேறியதுதான். 634 மில்லிமீட்டர் கம்பி நீளத்துக்கு முதல் ஃப்ரெட் தலைப்பக்க முனையிலிருந்து ஏறக்குறைய 35.6 மில்லிமீட்டரில் விழ வேண்டும். மீதி நீளத்தை ஒவ்வொரு தடவையும் 17.8-ஆல் வகுத்துக்கொண்டே போக வேண்டும். கைரம்பம் பிசகினால் காது சொல்லிவிடும். கம்ப்யூட்டர் ஓட்டும் ரம்பத்துக்கு அந்தக் கவலை இல்லை, மலிவு கிட்டாருக்கும் விலைகூடிய கிட்டாருக்கும் ஒரே மாதிரி கோடு வெட்டும். இன்றைக்கு மலிவு கிட்டாரில் மிச்சம் பிடிப்பது மரத்தில்தான். மேல்பலகை முழுப்பலகையாக இருக்காது, ஒட்டுப்பலகை.

பையன் முகம் அங்கேதான் சுருங்கியது. "லேமினேட் மாமா. முழு ஸ்ப்ரூஸ்னா டோன் ஓப்பன் ஆகும்."

ஆகும்தான். வருஷங்கள் வாசித்தால் குரல் விரியும் என்று வாசிக்கிறவர்கள் சொல்கிறார்கள். ஆனால் முழுப்பலகைக்குக் காற்றில் ஈரப்பதம் 45-லிருந்து 55 சதவீதத்துக்குள் இருந்தால்தான் நிம்மதி. ஐப்பசி கார்த்திகையில் சென்னை அதை எங்கே மதிக்கிறது? பலகை ஈரம் குடித்து பிரிட்ஜுக்குப் பின்னால் தொப்பை போடும், ஆக்‌ஷன் ஏறும். ஒட்டுப்பலகை கொஞ்சம் உணர்ச்சி கம்மி, ஆனால் வேளச்சேரி வாடகை வீட்டைத் தாங்கும். என்னைக் கேட்டால், தொடங்குகிறவன் மரத்துக்குக் கொடுக்கிற காசில் கொஞ்சத்தை எடுத்து நல்ல கம்பியும், கம்பியின் இரு முனைகளைத் தாங்கும் நட்டையும் சேடிலையும் அளவாய்ச் சீவித்தர ஒரு கைகாரரும் தேடிக்கொள்வது மேல். என்னைக் கேட்டால் என்றுதான் சொன்னேன்; யாரும் கேட்கவில்லை.

"வாசிச்சுப் பாரேன்டா" என்றேன். ஜி கார்டைப் பிடித்து ஒரு தடவை மீட்டி, சத்தம் அடங்கும்வரை விநாடி எண்ணினான். எல்லாக் கிட்டாரிலும் அதே ஜி. பொறுத்துப் பார்த்த கடைப் பையன் தானே வாங்கி 'இளைய நிலா'வை உதிர்த்துக் காட்டினான். அவன் அப்பாவுக்கே அந்தப் பாட்டு வந்தபோது மீசை முளைத்திருக்காது. எஃப் கார்டுக்கு மாறும் இடத்தில் நான் காதைக் கூராக்கினேன். ஆறு கம்பியும் பேசின.

"எடுத்துக்கலாமா தம்பி?" என்றான் கடைப் பையன்.

அக்கா மகன் கிட்டாரில் இருந்த யமஹா ஸ்டிக்கரை மறுபடி படித்தான். "மேட் இன் இந்தியான்னு போட்டிருக்கே. இந்த எஃப்310 மாடல் இந்தோனேசியாவுல செஞ்சது வரும்ல, அது இல்லையா?"

"2019-லேருந்து இங்கேயே செய்றாங்க. நம்ம சென்னை ஃபேக்டரிதான்."

"இம்போர்ட்டட் பீஸ் சவுண்டு வேற மாதிரி இருக்கும்னு சொல்றாங்களே" என்றான், இத்தனை நேரம் ஸ்கேலும் கண்ணாடியும் வைத்து அளந்தவன். அளந்த எண்கள் எல்லாம் போனில் குறித்து வைத்திருந்தான். அதை எடுத்துப் பார்க்கவும் இல்லை.

கடைப் பையன் கிட்டாரைத் துணியால் துடைத்தபடி சொன்னான்: "இங்க செய்றதை வெளிநாட்டுக்கும் அனுப்புறாங்க தம்பி. வேணும்னா அங்க போய் வாங்கிட்டு வாங்க."