ஐயாயிரம் வோட்ஸ் தம்பி

யாழ்ப்பாணத்தில் ஒரு பெடியன் டிஜே ஆகப்போகிறான் என்பது வீட்டுக்காரருக்குக் கடைசியாகத்தான் தெரியவரும். முதலில் தெரிவது பேஸ்புக்குக்கு. பெயருக்கு முன்னால் ‘டிஜே’ ஏறும். பெயரின் வால் நறுக்கப்பட்டு அந்த இடத்தில் ஓர் ‘எக்ஸ்’ வந்து குந்தும். அடுத்தது லோகோ. அதில் சிங்கம் ஒன்று ஹெட்போன் மாட்டிக்கொண்டு முறைக்கும். அதற்கடுத்தது கறுப்பு ரீசேர்ட், முதுகில் தொலைபேசி இலக்கத்தோடு. சாமான் மட்டும் இன்னும் வாங்கவில்லை. ஏ.எல். எழுதிவிட்டுப் பெறுபேறு பார்த்திருக்கும் மாதங்கள் இதற்கு உகந்த பருவம்.

சாமானுக்குரிய காசு கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிறது. அதை வைத்திருக்கும் சித்தப்பாவுக்குத் தம்பி வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்புவான். ஆள் உயரத்தில் நாலு பெட்டி, நடுவில் புகை, மேலே லேசர். சித்தப்பா கேட்பது ஒரே கேள்வி.

“உதுக்கு என்ன வருமானமடா?”

“ஒரு கலியாணம் செய்தாலே வட்டியோட வரும் சித்தப்பா.”

வட்டி கேட்காத சித்தப்பாவுக்கு வட்டிக் கணக்குச் சொல்லும் இந்தத் துணிச்சலுக்காகவே காசு வந்துவிடுகிறது.

இனித் தெரிவு. தம்பியிடம் இதற்கு ஒரே அளவுகோல்தான்: வோட்ஸ். “எத்தினை வோட்ஸ் அண்ணை?” என்றுதான் எந்தக் கடையிலும் பேச்சைத் தொடங்குவான். 2000 என்றால் முகம் வாடும். 5000 என்றால் மலரும். பெட்டியில் பெரிதாக அச்சடித்திருக்கும் அந்த இலக்கம் ஒரு கண நேர உச்சம் என்பதையும், பெட்டி தொடர்ந்து தாங்குவது பெரும்பாலும் அதில் பாதி அல்லது அதற்கும் கீழே என்பதையும் கடைக்காரர் தாமாகச் சொல்லமாட்டார். அவரும் பிள்ளைகுட்டிக்காரர். வோட்ஸை இரண்டு மடங்காக்கினால் கூடுவது 3 டெசிபெல். அதைக் காது ‘கொஞ்சம் கூடியிருக்கோ?’ என்று சந்தேகத்தோடுதான் ஒப்புக்கொள்ளும். சத்தம் இரட்டித்தது என்று காதுக்குத் தோன்ற ஏறத்தாழ 10 மடங்கு வோட்ஸ் வேண்டும். ஆக, 1000த்தை விட்டு 2000த்தை வாங்கினவன் பக்கத்து ஊர் டிஜேயை இரட்டிப்பாக வென்றுவிட்டதாக நினைப்பது அவனுடைய காதுக்கே தெரியாத வெற்றி. ஆனாலும் அவன் வாங்குவது அந்தப் பக்கத்து ஊர்க்காரனுக்காகத்தான். “அவன்ர 15, எங்கட 18” என்பான். இந்தக் கணக்கு ஸ்பீக்கர் வட்டத்தின் அங்குலத்தில். கலியாண வீட்டுக்காரர் என்ன கேட்பார்கள் என்ற யோசனை அவனுடைய பட்ஜெட்டில் எங்குமே கிடையாது.

யாழ்ப்பாணத்துக் கடைகளில் மனம் ஆறாமல் கொழும்புக்குப் போவான். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் எல்லாக் கடையிலும் எல்லாப் பெட்டியும் அருமையாகத்தான் பாடும். பத்தடி அறைக்குள், முதலாளியே பொறுக்கி வைத்த பாட்டைப் போட்டால் வேறு எப்படிப் பாடும்? தம்பி பாட்டைக் கேட்கமாட்டான். பிலாப்பழம் வாங்க வந்தவன்போலப் பெட்டியை விரல் மொழியால் தட்டிப் பார்ப்பான். பிறகு இரண்டு கையாலும் தூக்கிப் பார்ப்பான். பாரமென்றால் நல்ல சாமான் என்பது அவன் கட்சி. இப்போதைய டி வகுப்பு அம்பிளிபயர்கள் பாரத்தை வெகுவாகக் குறைத்துவிட்டதால் நல்ல பெட்டி சிலவேளை இலேசாகவும் இருக்கும் என்ற செய்தி அவனை இன்னும் வந்தடையவில்லை. கடைசியில் 18 அங்குல சப்வூபர் இரண்டு, மேற்பெட்டி இரண்டு, புகை மெசின் ஒன்று, லேசர் நாலு. மிச்சக் காசுக்கு வயர். ‘மைக்?’ என்று கேட்டால், பெட்டியோடு சும்மா வந்தது இருக்கிறது என்பான்.

இரவு பஸ்ஸின் வயிற்றுக்குள் பெட்டிகள் ஏறும். ஏறத்தாழ 400 கிலோமீற்றரும் தம்பி கண் மூடமாட்டான். பஸ் தேத்தண்ணிக்கு நிற்கும் இடத்திலெல்லாம் இறங்கி, பெட்டிக் கதவைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஏறுவான்.

விடிய வீட்டுக்கு வரும் சாமானைத் தகப்பன் முற்றத்தில் நின்று பார்ப்பார். அவருடைய காலத்துக் கதை ஒன்று இருக்கிறது, சொல்லாமல் விடமாட்டார். 1990இல் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றது; ஆண்டுக்கணக்கில் வரவில்லை. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, டைனமோவில் வயரைக் கொழுவி, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற மற்றவர்கள் கசெற் கேட்டார்கள். சுற்றுகிறவர் களைத்தால் பாடகரும் களைப்பார். குரல் இழுபட்டு அடிக்குரலுக்கு இறங்கும். “அதில கேட்ட பாட்டு இன்னும் காதுக்க நிக்குது” என்பார் தகப்பன். தம்பி அதற்குள் புகை மெசினுக்குத் தண்ணீர் விடுவதா வேறு ஏதும் விடுவதா என்று யூரியூப்பில் தேடிக்கொண்டிருப்பான்.

முதல் ஓடர் எப்போதும் சொந்தத்துக்குள்தான், அதாவது காசில்லாமல். இணுவில் பக்கம் மாமி வீட்டில் சாமத்தியவீடு என்று வைத்துக்கொள்வோம். பட்டா வாகனத்தில் சாமான் வந்து இறங்கும். ஒவ்வொன்றும் 40 கிலோவுக்குக் குறையாத சப்வூபர்களை நாலு கூட்டாளிமார் தூக்குவார்கள். அவர்களுக்குச் சம்பளம் றோல்ஸ். பிளக் கொழுவப் போனால் அங்கே சுவரில் 5 அம்பியர் உருண்டைப் பிளக் பொயின்ற், தாத்தா காலத்து வயறிங். தம்பியிடம் இருப்பது 13 அம்பியர் சதுரப் பின். ஒரு நிமிடம் யோசிப்பான். பிறகு வயரின் நுனியைப் பல்லால் உரித்து, துளைக்குள் செருகி, நெருப்புக்குச்சியால் இறுக்குவான். (வாசிப்பவர்கள் தயவுசெய்து செய்யவேண்டாம். செய்கிறவர்கள் எப்படியும் இதை வாசிக்கப்போவதில்லை.)

பாட்டுப் போட்டதும் முதலில் ஆடுவது மேலேயுள்ள தகரப்பந்தல். பேஸ் அடிக்க அடிக்கத் தகரம் தனியாக ஒரு தாளம் போடும். இணுவில், அளவெட்டிப் பக்கத்துச் சனத்துக்கு முன்னால் தாளம் போடுவது சாதாரண விசயமா? தவில் மேதை தட்சணாமூர்த்தியை மைக் இல்லாமலே பின்வரிசையில் இருந்து கேட்டவர்கள் அந்தப் பந்தலுக்குள் இன்னும் இரண்டு பேர் இருப்பார்கள். அவர்கள் ஒன்றும் சொல்லமாட்டார்கள். கதிரையைத் தூக்கிக்கொண்டு மாமரத்தடிக்குப் போய்விடுவார்கள்.

அம்மம்மா மட்டும் வாய் திறப்பார். “நிப்பாட்டு ராசா, நெஞ்சு இடிக்குது.” தம்பிக்கு இது முதல் பாராட்டு.

புகையும் லேசரும் பேஸும் ஒன்றாக எழும் அந்த உச்சக்கட்டத்தில் ட்றிப் சுவிச் விழும். வீடே இருளும். குளிர்சாதனப் பெட்டிக்குள் ஐஸ்கிறீம் இளகத் தொடங்கும்.

இதெல்லாம் மன்னிக்கப்படும். மன்னிக்கப்படாதது பிறகு வருகிறது. கரண்ட் வந்ததும் கனடாவிலிருந்து இதற்கென்றே வந்த பெரியமாமா பேச எழும்புவார். எங்களூரில் எந்த நல்ல காரியத்திலும் பாட்டு ஒலிப்பதைவிட மனிதர் பேசுவதே அதிகம். ஐயர் மந்திரம் சொல்லவேண்டும், வாழ்த்துமடல் வாசிக்கவேண்டும், நன்றியுரை வேண்டும், ‘எல்லாரும் சாப்பிட்டுத்தான் போகவேணும்’ என்று மூன்று தடவை சொல்லவேண்டும், பாதையை மறித்து நிற்கும் மோட்டார் சைக்கிளின் இலக்கத்தை அறிவிக்கவேண்டும். பெரியமாமா சும்மா வந்த மைக்கைப் பிடித்துக்கொண்டு நேரே ஸ்பீக்கருக்கு முன்னால் போய் நிற்பார். ‘கீ…’ என்று ஒரு சத்தம் ஊரைக் கிழிக்கும். ஸ்பீக்கரில் வரும் சத்தத்தையே மைக் திரும்பக் குடித்து, திரும்பத் துப்புகிற வியாதி அது. மாமா பயந்து மைக்கின் தலையைக் கையால் பொத்துவார்; அது இன்னும் வீரிடும். தம்பி ஓடிவந்து சத்தத்தைக் கூட்டுவான், குறைப்பதற்குப் பதிலாக. நாற்பது வருட அகதி வாழ்க்கை பற்றி மாமா எழுதி வந்த உரையில் அதுவரை சபைக்கு எட்டியது ‘அன்பார்ந்த’ மட்டும்.

அந்தச் சபையின் மூலையில் ஒருவர் பீடாவை மென்றுகொண்டு இருப்பார். சவுண்ட் சேர்விஸ் அண்ணை. அவரிடம் இருப்பது ஒரு பழைய அகூஜா அம்பிளிபயர், மரத்தில் கட்டும் இரண்டு கூம்பு ஸ்பீக்கர், ஒரு ஓட்டோ. கூம்பு சத்தத்தைச் சிதறவிடாமல் ஒரு திசைக்குத் தள்ளும். அதனால் சில பத்து வோட்ஸில் ஒரு குறிச்சி முழுவதும் குரல் கேட்கும். கோயில் திருவிழா, மரண அறிவித்தல், தேர்தல் என்று வருடம் முழுக்க அவருக்கு வேலை. “செத்தவீட்டு அறிவித்தலுக்குப் பேஸ் என்னத்துக்கு தம்பி?” என்பார். அன்று அவர் எழுந்துபோய் ஸ்பீக்கர் இரண்டையும் சபைப் பக்கம் முன்னுக்குத் தள்ளி, மாமாவை அவற்றுக்குப் பின்னால் நிறுத்துவார். ‘கீ’ நின்றுவிடும். ஒரு சதம் செலவில்லை.

இரவு 10 மணிக்குப் பிறகு ஒலிபெருக்கிக்கு அனுமதி இல்லை என்று 2007இல் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. தம்பிக்கு அது தெரியும். அயலில் கொண்டாட்டத்துக்குச் சொல்லாமல் விடப்பட்ட வீடு ஒன்று இருந்தால் பொலிசுக்கும் உடனே தெரியவரும்.

என்னைக் கேட்டால், தொடங்குகிற பெடியனுக்கு அம்பிளிபயர் உள்ளடங்கிய 12 அங்குல அக்டிவ் பெட்டி இரண்டும், அவற்றை ஆள் தலைக்கு மேலே உயர்த்த இரண்டு ஸ்ராண்டும், சின்ன மிக்சர் ஒன்றும், தடித்த வயரும் போதும். நூறு, நூற்றைம்பது பேர் கூடும் வீட்டு முற்றத்துக்கு அதுவே தாராளம். சப்வூபர் தேவைப்படும் அன்றைக்கு வாடகைக்கு எடுக்கலாம். முதல் காசை மைக்கில் போடவேண்டும். சூர் நிறுவனத்தின் எஸ்.எம். 58 என்ற மைக் 1966இலிருந்து இன்றுவரை அதே முகத்தோடு விற்பனையாகிறது. சப்வூபர் ஒன்றின் விலைக்குப் பக்கத்திலும் வராது. தம்பி இதைக் கேட்கமாட்டான். ஆனால் முற்பணம் கொடுக்கிற நீங்கள் கேட்கலாம்: லேசரைக் காட்டச் சொல்லாமல், மைக்கை வாங்கி நாலு வசனம் பேசிப் பாருங்கள். கடைசிக் கதிரையில் இருக்கிற அம்மம்மாவுக்கு விளங்கினால் காசைக் கொடுங்கள்.