கொட்டேஷன்காரர்

கம்ப்யூட்டர் வாங்கக் கடைக்குப் போகிறவரைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. போவார், வாங்குவார், ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வீடு வந்து சேர்வார். எந்தக் கடையில் வாங்கலாம் என்று முடிவு செய்வதற்காகவே கடை கடையாகப் போகிறவர் வேறு ரகம். சென்னையில் அவரைப் பார்க்க வேண்டுமானால் மவுண்ட் ரோட்டை ஒட்டிய ரிச்சி தெருவுக்கு ஒரு நடை போய் வந்தால் போதும். ரேடியோ உதிரிபாகங்களில் தொடங்கிய அந்தக் கடைவீதி இன்று நரசிங்கபுரம் தெரு, வாலர்ஸ் ரோடு என்று அக்கம்பக்கமெல்லாம் பரவி, கேபிள், கேமரா, கேபினட் என்று வாசல் வரை பிதுங்கிக்கொண்டு நிற்கிறது. அந்த நெரிசலில் ஒரு கால் கடைப்படியிலும் ஒரு கால் தெருவிலுமாக, சட்டைப்பையில் நான்காக மடித்த காகிதக் கத்தையோடு நிற்பவர்தான் நம்மவர். அவரைக் கொட்டேஷன்காரர் என்று அழைப்போம். “வேணும்” என்ற சொல் அவர் வாயில் வராது. “சும்மா ஒரு கொட்டேஷன் குடுங்க தம்பி” என்றுதான் ஆரம்பிப்பார். தம்பி ஐ5, பதினாறு ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி, மானிட்டர் என்று வரிசையாக எழுதிக் கூட்டிக் கொடுத்ததும், “கடைசியா என்ன விலை?” என்பார். “வாங்கறேன்னு சொல்லுங்க சார், பேசிக்கலாம்” என்று பதில் வரும். அந்த இடத்தில் படியில் இருந்த கால் தெருவுக்கு வந்துவிடும். காகிதம் பைக்குள் போகும். அடுத்த கடை.

இவரைக் கஞ்சர் என்று ஊர் சொல்கிறது. கடைக்காரர்கள் இன்னும் கொஞ்சம் கூட்டியே சொல்வார்கள். இரண்டும் தவறான மதிப்பீடு என்பது என் வாதம். கஞ்சருக்குப் பணக்கணக்கு தெரியும்; இவருக்குத் தெரியாது. அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஜார்ஜ் ஸ்டிக்லர் 1961-ல் தகவலின் பொருளாதாரம் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். விலை விசாரிப்பதற்கும் ஒரு செலவு உண்டு, இன்னொரு கடை ஏறி இறங்குவதால் மிச்சமாகும் என்று எதிர்பார்க்கும் தொகை அந்தச் செலவுக்குச் சமமாகும் வரைதான் வாங்குபவர் தேடுவார், பிறகு நிறுத்திவிடுவார் என்பது அதன் சாரம். 1982-ல் நோபல் பரிசு பெற்ற அந்த மனிதர் ரிச்சி தெருவுக்கு வந்ததில்லை என்பது கட்டுரையைப் படித்தாலே விளங்கும். ப்ராசசரும் போர்டும் பெரும்பாலும் சில மொத்த விநியோகஸ்தர்களிடமிருந்துதான் எல்லாக் கடைக்கும் வருகின்றன. நாலைந்து கடை விசாரித்தபின் வித்தியாசம் சில நூறு ரூபாய்க்குள் சுருங்கிவிடும். அந்த நூறுகளுக்காக அவர் போடும் அரைநாள் லீவு, மெட்ரோ டிக்கெட், இரண்டு டீ, ஒரு பஜ்ஜி இவற்றைக் கூட்டினால் கஞ்சத்தனம் என்ற குற்றச்சாட்டு அங்கேயே அடிபட்டுப் போகும். இதைவிட வலுவான சான்றும் உண்டு. எங்காவது ஒரு கடையில் எல்லோரையும்விட மூவாயிரம் குறைத்துச் சொன்னால் கஞ்சர் துள்ளிக் குதித்து வாங்கிவிடுவார். கொட்டேஷன்காரருக்கோ முகம் வெளிறிவிடும். “இவ்வளவு கம்மியா குடுக்கறான்னா உள்ள ஏதோ இருக்கு.” அதிக விலை சொன்னவன் கொள்ளைக்காரன், குறைந்த விலை சொன்னவன் திருடன், நடுவில் சொன்னவனிடம் “இன்னும் ரெண்டு இடம் பாத்துட்டு வரேன்.”

அப்படியானால் அவர் தேடுவது என்ன? ஒரு வழக்குக்கான சாட்சியத்தைத் தேடுகிறார். அந்த வழக்கு கம்ப்யூட்டர் வீட்டுக்கு வந்த மறுநாள் காலையில் கூடத்தில் நடக்கும். நீதிபதி பெரும்பாலும் மச்சினர். மாடி வீட்டுக்காரரும் ஆபீஸ் நண்பரும் கூடுதல் அமர்வு. முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: “எவ்வளவுக்கு முடிச்சீங்க?” தொகையைச் சொன்னதும் தீர்ப்பு வந்துவிடும்: “அடடா, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!” நம் ஊரில் ஒருவர் வாங்கிய விலையைக் கேட்டு, “சரியான விலைதான்” என்று இன்னொருவர் சொன்ன சரித்திரம் கிடையாது. தங்கம்கூட விதிவிலக்கல்ல, அதற்குத் தினசரி விலை பேப்பரில் வந்தாலும் சேதாரத்தில் பிடித்துவிடுவார்கள். தொலைந்த பணத்தைக்கூட மறந்துவிடலாம். “ஏமாந்துட்டார்” என்ற பெயர் அடுத்த பத்து கல்யாணங்களுக்குப் பந்தியில் பரிமாறப்படும். கொட்டேஷன்காரர் பைக்குள் திணிக்கும் ஒவ்வொரு காகிதமும் அந்த விசாரணையில் நீட்டுவதற்கான ஆவணம். ஐ5-க்கும் ஐ3-க்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் தடுமாறுவார். எந்தக் கடையில் எந்தத் தேதியில் என்ன சொன்னார்கள் என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். டெல்லி நேரு பிளேஸ், மும்பை லாமிங்டன் ரோடு, பெங்களூரு எஸ்.பி. ரோடு நிலவரமும் அவருக்கு அத்துப்படி. அங்கெல்லாம் இது பாதி விலையாம். அவருக்கு அதைச் சொன்னவரும் அங்கே போனதில்லை.

இந்த வாதத்துக்கு முடிவான நிரூபணம் அவர் கடைசியில் வாங்கும் இடம். மாதக்கணக்கில் விசாரித்து, கத்தை கத்தையாகக் காகிதம் சேர்த்துவிட்டு, அந்தக் கடைகள் எதிலும் அவர் வாங்குவதில்லை. ‘தெரிஞ்ச பையன்’ ஒருவனிடம் வாங்குவார். ஆபீஸ் நண்பரின் அக்கா மகன், ஹார்ட்வேர் சர்வீஸ் செய்கிறவன், “அங்கிள், நான் பாத்து அசெம்பிள் பண்ணித் தரேன்” என்பான். அவன் சொல்லும் விலை கையில் இருக்கும் மிகக் குறைந்த கொட்டேஷனைவிட நிச்சயம் கூடத்தான் இருக்கும். தெரிந்தேதான் கொடுக்கிறார். ஏனென்றால் நாளை மெஷின் படுத்துவிட்டால், “உங்க ஃப்ரெண்ட் சொன்ன பையன்தான்” என்று பழியை ஒரு விலாசத்துக்கு அனுப்பலாம். கூடுதலாகக் கொடுத்த இரண்டாயிரம் பொருளின் விலை அல்ல, பழிக்கான தபால் செலவு. இப்படிப் பார்த்தால் அவர் நடத்தையில் முரண் ஏதும் இல்லை. அவர் ஓர் இன்சூரன்ஸ் எடுக்கிறார். பாலிசி கம்ப்யூட்டருக்கு அல்ல, தமக்கு.

“ஏமாற்றும் சந்தையில் ஒரு மனிதர் உஷாராக இருப்பது குற்றமா?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 1970-ல் பொருளாதார அறிஞர் ஜார்ஜ் ஏகர்லாஃப் பழைய கார் சந்தையை வைத்து விளக்கியது இதைத்தான்: விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாத சந்தையில் மட்டமான சரக்கு நல்ல சரக்கை விரட்டிவிடும். கம்ப்யூட்டரின் உள்ளேயும் இதற்கு நிறைய இடம் இருக்கிறது. ப்ராசசர் பெட்டியோடு வந்தால் பொதுவாக மூன்றாண்டு கம்பெனி வாரண்டி உண்டு. பெட்டியில்லாத ‘ட்ரே’ சரக்கானால் பொறுப்பு கடைக்காரரோடு சரி. கேபினட்டோடு இலவசமாக வரும் எஸ்எம்பிஎஸ் என்ற பவர் சப்ளையின் மேல் 450 வாட்ஸ் என்று ஒட்டியிருக்கும். ஒட்டியது காகிதம் என்பதை மறக்கக்கூடாது. அது வெடித்தால் தனியாகப் போகாது, போர்டையும் கூட்டிக்கொண்டுதான் போகும். ரேமை ஒரே குச்சியாகப் போடுகிறார்களா, இரண்டாகவா என்பதில்கூட வேகம் மாறும். உஷாராக இருக்க வேண்டியவர் கேட்க வேண்டிய கேள்விகள் இவை. கொட்டேஷன்காரர் இவற்றில் ஒன்றையாவது கேட்டதுண்டா? அவர் கேட்பது மொத்தத் தொகையை மட்டும். எஸ்எம்பிஎஸ் எந்தக் கம்பெனி என்று மச்சினர் கேட்கப்போவதில்லையே! இரண்டு கடைகளின் கொட்டேஷனில் வித்தியாசம் ஆயிரத்து ஐந்நூறு என்றால், அது முழுக்க அந்த எஸ்எம்பிஎஸ்ஸில்தான் இருக்கிறது என்பதைக் கவனிக்காமல், “அவன் கம்மியா சொன்னானே” என்று வாதாடுவார்.

பில் விஷயத்தைப் பார்த்தால் குட்டு முழுதாக உடையும். டெஸ்க்டாப்புக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். ஐம்பதாயிரம் ரூபாய் சரக்குக்கு ஒன்பதாயிரம் வரி. “பில் வேணுமா சார், இல்லாம போடவா?” என்று யாராவது குரலைத் தாழ்த்திக் கேட்டால், இத்தனை நாள் காகிதம் சேகரித்த மனிதர் சற்றும் தயங்காமல் “இல்லாமயே போடுங்க” என்பார். சட்டத்தின் முன் செல்லுபடியாகும் ஒரே காகிதம் அதுதான். வாரண்டிக்குப் போனால் கேட்பது அதை; 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம் என்ற வசதியைப் பயன்படுத்தவும் கையில் வேண்டியது அது. கொட்டேஷன் கத்தையை நுகர்வோர் ஆணையத்தில் நீட்டினால் யாரும் சீந்தமாட்டார்கள். ஆனால் கூடத்து வழக்கில் பில் அவருக்கு எதிரான சாட்சி. அதில் விலை அச்சாகியிருக்கும். பில் இல்லாவிட்டால் மச்சினரிடம் ஐயாயிரம் குறைத்துச் சொல்லலாம்.

அடுத்த ஆட்சேபம் காலத்தைப் பற்றியது. “பொறுத்தவருக்கு விலை குறைகிறதே, அவர் காத்திருப்பதில் என்ன தப்பு?” ஒரு தலைமுறைக்கு இது சரியாகவே இருந்தது. சில்லில் அடங்கும் டிரான்சிஸ்டர்கள் இரட்டிப்பாகிக்கொண்டே போகும் என்று சிப் துறை முன்னோடி கார்டன் மூர் 1965-ல் சொன்னதன் பலனை நம்மவர் தம் சொந்தச் சாமர்த்தியமாகவே எடுத்துக்கொண்டார். ஆடித் தள்ளுபடி போகட்டும், ஆயுத பூஜை வரட்டும், ஆன்லைன் திருவிழா வரட்டும், அடுத்த ஜெனரேஷன் வரட்டும் என்று தள்ளிப்போட இப்படியொரு விஞ்ஞான ஆதாரம் வேறெந்தப் பொருளுக்கும் கிடையாது. ஆனால் சந்தை அவரை அவ்வப்போது பழிவாங்கியும் இருக்கிறது. 2011-ல் தாய்லாந்தில் வெள்ளம் வந்து ஹார்டு டிஸ்க் விலை ஏறியது. கோவிட் காலத்துச் சிப் பஞ்சத்தில் கிராஃபிக்ஸ் கார்டு எட்டாக்கனியானது. 2025 கடைசியில் ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போக, ரேம் விலை சில மாதங்களிலேயே இரண்டு மடங்கைத் தாண்டியது. மைக்ரான் நிறுவனம் ‘க்ரூஷியல்’ என்ற தன் சில்லறை வியாபாரத்தையே மூடப்போவதாக அந்த டிசம்பரில் அறிவித்தது. அதே ஆண்டு அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கு ஆதரவும் முடிந்திருந்தது. அவர் வீட்டுப் பழைய மெஷினில் விண்டோஸ் 11 ஏறாது. இன்டெல் என்றால் எட்டாம் ஜெனரேஷன் வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். ஒரு பக்கம் கெடு, மறுபக்கம் விலையேற்றம். வேறு யாராக இருந்தாலும் ஓடிப்போய் வாங்கியிருப்பார்கள். பாதுகாப்பு அப்டேட்டுகளை மட்டும் இன்னும் ஓராண்டு நீட்டித்துக்கொள்ளலாம் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்ததை நம்மவர் எங்கிருந்தோ தெரிந்துகொண்டார். “அப்ப அடுத்த அக்டோபர் வரைக்கும் டைம் இருக்கே” என்றார். ரேம் விலை? “அது இறங்கிடும், நான் பாத்துக்கிட்டேதான் இருக்கேன்.” விலையேற்றம் அவருக்கு நஷ்டமே இல்லை. போன தீபாவளிக்கு வாங்கியிருக்கலாமே என்று யாரும் அவர்மேல் வழக்குப் போட முடியாது. வாங்காதவர் ஏமாறவும் முடியாது.

ஆன்லைன் வந்தபின் இந்த ரகமே அழிந்திருக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் அவரைச் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. விலை வெட்டவெளிச்சமாகிவிட்டதால் விசாரணைக்கு இனி வேலையில்லை என்பது அவர்கள் கணக்கு. நடந்ததோ நேர்மாறு. முன்பு கடை சாத்தியதும் அவர் வீடு திரும்ப வேண்டியிருந்தது; இப்போது ராத்திரி ஒரு மணிக்கும் கார்ட்டில் போட்டு வைத்து, எடுத்து, மறுபடி போட்டு வைக்கிறார். ஆன்லைன் விலையைக் கடையில் காட்டிக் குறைக்கச் சொல்வதும், கடை விலையை நினைத்து ஆன்லைனில் பொத்தானை அழுத்தாமல் இருப்பதுமாக ஒரு முழு வட்டம் சுற்றுகிறார். சந்தை வளர வளர அவரும் வளர்கிறார்.

இவ்வளவு சொன்னபின் அவருக்குச் சாதகமான ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இவரைப் போன்றவர்கள் தெருவில் நடமாடுவதால்தான் மற்றவர்கள் நியாய விலைக்கு வாங்க முடிகிறது. படியேறி வருகிற எவரும் நாலு கடை கேட்டுவிட்டு வந்தவராக இருக்கலாம் என்ற பயம் கடைக்காரருக்கு இருக்கும்வரை, விலையை வாய்க்கு வந்தபடி அவர் ஏற்ற முடியாது. ஒரு கடையும் விசாரிக்காமல் நேரே போய் வாங்கி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வருகிற அந்த முதல் ரகத்தார் அனுபவிப்பது கொட்டேஷன்காரரின் உழைப்பை. அவர்கள் அவருக்கு ஒரு டீயாவது வாங்கிக் கொடுக்கக் கடமைப்பட்டவர்கள். ஊருக்கே விலை விசாரித்துக் கொடுத்துவிட்டுத் தனக்கு மட்டும் அந்த விலைக்கு வாங்கிக்கொள்ளாத மனிதரைக் கஞ்சர் என்று திட்டுவது நன்றிகெட்ட செயல்.

ஆகவே, கம்ப்யூட்டர் வாங்கும் உத்தேசம் உங்களுக்கு இருந்தால் கடை கடையாக ஏற வேண்டாம். உங்கள் குடும்பத்தில் நிச்சயம் ஒரு கொட்டேஷன்காரர் இருப்பார். சித்தப்பாவோ பெரிய மாமாவோ, விசாரித்தால் தெரிந்துவிடும். அவரிடம் போய், “மாமா, உங்க லிஸ்ட்டைக் கொஞ்சம் பாக்கலாமா?” என்று பணிவாகக் கேளுங்கள். சந்தோஷமாக எடுத்து விரிப்பார். மூன்று கடைகளைக் குறித்துக்கொள்ளுங்கள். எஸ்எம்பிஎஸ் எந்தக் கம்பெனி, வாரண்டி கம்பெனியுடையதா கடையுடையதா என்று இரண்டே கேள்வி கேட்டு, சீரியல் நம்பர் போட்ட பில்லோடு வாங்கி வந்துவிடுங்கள். மறுநாள் அவர் வந்து, “எவ்வளவுக்கு முடிச்சே?” என்று கேட்பார். அவர் லிஸ்ட்டில் இருந்த விலையையே சொல்லுங்கள். அதற்கும் “அடடா” என்றுதான் சொல்லப்போகிறார். காப்பி கொடுத்து அனுப்பி வையுங்கள்.