தோற்றவருக்கும் ஒரு ஜோக்கர்

குடும்பத்தோடு ஆட ஏற்ற விளையாட்டு எது என்று கேட்டால், விதிகள் எளிதாக இருக்க வேண்டும், சீக்கிரம் முடிய வேண்டும், யாருக்கும் அடிபடக் கூடாது என்பார்கள். இதெல்லாம் சரிதான், ஆனால் முதல் நிபந்தனை வேறு. ஆட்டம் முடிந்த பிறகு எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அந்தக் கணக்கில் பார்த்தால் பதின்மூன்று சீட்டு ரம்மிக்கு நிகரில்லை என்பது என் கட்சி. ஜெயித்தவர் தன் மூளையால் ஜெயித்ததாகவும், தோற்றவர் சீட்டு சரியாக வராததால் தோற்றதாகவும் நம்பிக்கொள்ள அது ஒரே நேரத்தில் இடம் கொடுக்கிறது. சதுரங்கத்தில் இந்த வசதி கிடையாது. இரண்டு பக்கமும் பதினாறு காய்கள், எல்லாம் கண்ணெதிரே. மாமனாரிடம் தோற்ற மாப்பிள்ளை யார்மேல் பழி போடுவார்? பரமபதத்திலோ பகடை சொன்னபடி காய் நகர்கிறது. ஆடுபவர் முடிவெடுக்க ஒன்றுமே இல்லாததால், ஏணியேறி வைகுண்டம் போனவரும் மீசையை முறுக்க முடியாது.

ரம்மியில் திறமையும் அதிர்ஷ்டமும் எப்படிக் கலந்திருக்கின்றன என்பதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். இரண்டு கட்டு சேர்ந்தால் 104 சீட்டு, அச்சடித்த ஜோக்கர் இரண்டு. ஆளுக்குப் பதின்மூன்று வருகிறது. எது வரும் என்பதில் மேதைக்கும் குழந்தைக்கும் ஒரே அந்தஸ்து. வந்த பிறகுதான் ஆள் தெரிவார். ஒரே இனத்தில் அடுத்தடுத்த மூன்று சீட்டைச் சேர்க்கும் சீக்வென்ஸில் ஆட்டின் (ஹார்ட்) ஏழுக்கு மூன்று வழி இருக்கிறது: 5-6-7, 6-7-8, 7-8-9. ராஜாவுக்கு ஜாக்கி-ராணி-ராஜா, ராணி-ராஜா-ஆஸ் என்று இரண்டே வழி. எதிராளி தன் கையைச் சேர்த்து முடித்து டிக்ளேர் செய்துவிட்டால் கையில் சேராமல் நிற்கும் ராஜாவுக்குப் பத்து பாயிண்ட், ஏழுக்கு ஏழுதான். ஆக, சாமானியனான ஏழுக்கு உறவும் அதிகம், செலவும் குறைவு. ஆனாலும் பெரிய மனிதர் வீட்டுச் சம்பந்தத்துக்குக் காத்திருப்பதுபோல் ராஜாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ராணிக்காகக் காத்திருக்கும் ஆட்கள் எல்லா வீட்டிலும் உண்டு. இன்னொரு பக்கம், ஆட்டின் ஆறு இரண்டும் கீழே விழுந்துவிட்டதை நினைவில் வைத்திருப்பவர், கையில் இருக்கும் ஐந்தும் ஏழும் ஜோக்கர் இல்லாமல் இனிச் சேராது என்று கணக்குப் போட்டுவிடுவார். ஜோக்கர் இல்லாத ஒரு சீக்வென்ஸ் கட்டாயம் என்ற விதி வேறு இருக்கிறது. அது அமையாத கையில் மூன்று ஜோக்கர் இருந்தாலும் மற்ற சீட்டெல்லாம் எண்ணப்பட்டு எண்பது வரை போகும். அப்படி மாட்டியவர் வாயிலிருந்து “என்ன கை வந்தது எனக்கு, பார்!” என்பதைத் தவிர வேறு எதையும் எதிர்பார்க்கக் கூடாது.

இதற்கு ஒரு மறுப்பு வரும். ரம்மி திறமை ஆட்டம் என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டதே, தோற்றவர் அதிர்ஷ்டத்தை இழுப்பது சால்ஜாப்பு இல்லையா? செகந்திராபாத் கிளப் ஒன்றைப் பற்றிய வழக்கு அது. 1968-ஆம் ஆண்டுத் தீர்ப்பு என்று இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. விழும் சீட்டை நினைவில் வைக்க வேண்டும், எதைப் பிடிப்பது எதை விடுவது என்று தெரிய வேண்டும், ஆகவே இது பெரும்பாலும் திறமைதான் என்றார்கள் நீதிபதிகள். ‘பெரும்பாலும்’ என்ற அந்தச் சொல்லுக்குள் தோற்ற எந்தச் சித்தப்பாவும் தாராளமாக நுழைந்துகொள்ளலாம். சீட்டைக் கலைத்துப் போடும் எந்த ஆட்டத்திலும் தற்செயல் உண்டு என்பதை அதே தீர்ப்பும் ஒப்புக்கொள்கிறது. தவிர, திறமை வெளிப்பட நிறைய ஆட்டம் வேண்டும். தீபாவளி மதியத்தில் பலகாரத்துக்கும் தூக்கத்துக்கும் நடுவே நடப்பதோ ஏழெட்டு ஆட்டம். அவ்வளவில் நல்ல கை வந்த பத்து வயதுப் பிள்ளை, நாற்பது வருடம் ஆடிய தாத்தாவை வீழ்த்துவதற்குத் தடை ஏதுமில்லை. அது நடக்கக்கூடியது என்பதால்தான் பிள்ளையும் உட்காருகிறது.

அடுத்த மறுப்பைச் சிரித்துத் தள்ள முடியாது: ரம்மி குடும்பங்களை அழித்திருக்கிறது. உண்மை. பணம் உள்ளே வந்தவுடன், நான் இவ்வளவு நேரம் புகழ்ந்த அதே குணம் விஷமாகிறது. ‘ஆடத் தெரியும், சீட்டுதான் சரியில்லை’ என்ற ஆறுதல் வீட்டுக் கூடத்தில் சமாதானம் செய்கிறது. செல்போன் திரையில் அதுவே “இன்னும் ஓர் ஆட்டம், விட்டதைப் பிடித்துவிடலாம்” என்று காதில் ஓதுகிறது. தமிழக அரசு 2022-இல் ஆன்லைன் ரம்மியைத் தடைசெய்து சட்டம் போட்டது. 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம், ரம்மி திறமை ஆட்டம் என்பதால் அந்தத் தடை அதற்குப் பொருந்தாது என்றது. 2025-இல் நாடாளுமன்றம் வேறு வழியாகப் போனது. திறமையா அதிர்ஷ்டமா என்று கேட்பதையே விட்டுவிட்டு, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டு எதுவானாலும் கூடாது என்று சட்டம் இயற்றியது. எனக்கு அது நியாயமாகவே படுகிறது. சண்டை சீட்டைப் பற்றியது அல்ல, பணத்தைப் பற்றியது. வீட்டில் ஆடுகிறவர்களுக்குப் புளியங்கொட்டை போதும். அதற்காக யாரும் நிலத்தை விற்றதில்லை.

ஆகவே தாராளமாக ஆடுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள்: பண்டிகை முடிந்ததும் பாயிண்ட் எழுதிய தாளைப் பழைய பேப்பரோடு சேர்த்துப் போட்டுவிடுங்கள். நாலைந்து வருடத் தாள்களைச் சேர்த்துவைத்துக் கூட்டிப் பார்த்தால் யாருக்கு ஆடத் தெரியும், யாருக்குத் தெரியாது என்பது வெட்டவெளிச்சமாகிவிடும். அதற்கப்புறம் பொங்கலுக்கு யாரும் வரமாட்டார்கள்.