கராஜ் வைத்தியர்

அமெரிக்காவில் ஒரு வீட்டின் கராஜ் பூட்டிக் கிடக்க, கார் மட்டும் வெளியே பனியில் நனைந்தால் காரணம் இரண்டில் ஒன்றுதான். மகன் உள்ளே டிரம்ஸ் வாசிக்கிறான். அல்லது அப்பா வால்வு காலத்துச் சோதனைக் கருவிகளுக்கு வைத்தியம் பார்க்கிறார். முதல் வியாதி கல்யாணத்தோடு தீரும். இரண்டாவது பென்ஷனோடு ஆரம்பிக்கும்.

நம்மாளுக்கு அறுபது தாண்டியிருக்கும். சட்டைப்பையில் பேனாவுக்குப் பதில் ஸ்க்ரூடிரைவர். குலதெய்வம் டெக்ட்ரானிக்ஸ். ஓரிகன் மாநிலம் போர்ட்லாண்டில் ஹோவர்ட் வோலம், ஜாக் மர்டாக் முதலானோர் 1946-இல் தொடங்கிய கம்பெனி அது. நாம் காலேஜ் லேபில் சி.ஆர்.ஓ. என்று சொல்லிப் பயந்தோமே, மின் அலையைத் திரையில் கோடாகக் காட்டும் அந்த ஆசிலோஸ்கோப்தான் அவர்கள் தொழில். அவர்களுடைய 545 என்ற மாடலைப் பற்றிப் பேச்செடுத்தால் நம்மாளுக்குக் குரல் தழுதழுக்கும். 1950-களின் சரக்கு. எடை சுமார் 30 கிலோ. டஜன் டஜனாக வால்வுகள். அதை நகர்த்துவதற்கென்றே கம்பெனி தனியாகத் தள்ளுவண்டியும் விற்றது. ஸ்விட்சைப் போட்டதும் வேலை செய்துவிடாது. வால்வுகள் சூடேற அரை நிமிடம் போல எடுத்துக்கொண்டு, உள்ளே ஒரு ரிலே 'டக்' என்று விழும். அந்த 'டக்' காதில் விழ வேண்டும் என்பதற்காக வீட்டுக்கு வந்த சம்பந்தியைப் பேசாமல் இருக்கச் சொன்னவர்கள் உண்டு.

ஒவ்வொரு மே மாதமும் ஓஹையோவில், டேட்டன் நகருக்குப் பக்கத்தில், ஹாம்வென்ஷன் என்று அமெச்சூர் ரேடியோக்காரர்களின் திருவிழா கூடும். அங்குள்ள பழைய சாமான் சந்தைக்கு நம்மாள் "சும்மா பார்த்துட்டு" வருவதற்காகப் போவார். திரும்பி வரும்போது காரின் பின்பக்கம் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும்.

"ஏற்கெனவே ரெண்டு இருக்கே?" என்பார் மனைவி.

"அதுல ஒண்ணு 545. இன்னொண்ணு 545 ஏ. இது பி."

இதற்கு மேல் ஒரு பெண்மணி என்ன கேட்க முடியும்?

வந்ததும் முதல் காரியம் குளிப்பாட்டுவது. கேலி இல்லை. டெக்ட்ரானிக்ஸ் சர்வீஸ் சென்டர்களிலேயே கருவியைச் சோப்புத் தண்ணீரால் கழுவி, சூட்டில் நன்றாக உலர்த்திவிட்டுத்தான் கையை வைத்தார்கள். இந்தச் சான்று கையில் இருப்பதால் நம்மாள் வாசலில் ரப்பர் குழாயைப் பிடித்துக்கொண்டு கூச்சமில்லாமல் நிற்பார். பல மாதமாகக் குளிக்காத வீட்டு நாய் பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும்.

காய்ந்ததும் நேரே பிளக்கில் சொருகிவிடலாம் என்று நினைப்பவர் இந்தக் குலத்தில் பிறந்தவரே அல்ல. பல்லாண்டுகள் தூங்கிய எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சருக்கு ஒரேயடியாக முழு வோல்டேஜ் கொடுத்தால் சூடாகிப் புகையும், சமயத்தில் வெடிக்கும். அதனால் வேரியாக் என்ற, வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மரை வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக மணிக்கணக்கில் ஏற்றுவார். கூடவே நம்மூர் எலக்ட்ரீஷியன் வைத்திருக்கும் அதே சீரிஸ் லாம்ப். பல்பு பளிச்சென்று எரிந்தால் உள்ளே எங்கோ ஷார்ட், மங்கினால் பிழைத்தோம். படத்திரைக் குழாயில் 10,000 வோல்ட் வரை நடமாட்டம் என்பதால் ஒரு கையைப் பேண்ட் பையிலேயே விட்டுக்கொண்டு, மறு கையால்தான் தொடுவார். மின்சாரம் ஒரு கையில் ஏறி, நெஞ்சு வழியாக மறு கையில் இறங்கிவிடக் கூடாதே! மளிகை வாங்கித் தரவும் ஒரு கைதான் மிச்சம் என்று வீட்டில் சொல்வார்கள். அது வேறு கதை.

பழைய கண்டென்சரை என்ன செய்வது என்பதில் வடகலை, தென்கலையை மிஞ்சிய பூசல் இருக்கிறது. உள்ளதையே தேற்று என்கிறது ஒரு கட்சி. தூக்கி எறிந்து புதுசு போடு என்கிறது இன்னொன்று. மூன்றாவது கட்சிதான் விசேஷம். பழைய டப்பாவை அறுத்து, குடலை உருவி, சுண்டுவிரல் அளவுப் புதுக் கண்டென்சரை உள்ளே ஒளித்து, வெளியே 1957-ஆம் வருஷத்து முகம் மாறாமல் மூடுவார்கள். மூடியபின் யார் கண்ணுக்கும் தெரியாது. தெரியாததைக் காட்டத்தான் நம்மைக் கூப்பிடுவார்.

கருவியின் உள்ளே பீங்கான் பட்டைகளில் வெள்ளிப் பூச்சின்மேல் ஈயம் பிடித்திருக்கும். சாதாரண ஈயத்தால் திரும்பத் திரும்பப் பற்றவைத்தால் அந்த வெள்ளி கரைந்துபோகும். ஆகவே வெள்ளி கலந்த ஈயத்தில் ஒரு சிறு சுருளைக் கம்பெனியே பெட்டிக்குள் மாட்டி அனுப்பியது. வாடிக்கையாளரின் பேரன் வரைக்கும் யோசித்த கம்பெனி! சந்தையில் மூடியைத் திறந்து, அந்தச் சுருள் அப்படியே இருப்பதைக் கண்டவர் பேரம் பேச மறந்துவிடுவார்.

இவருக்கு ஜென்ம விரோதி ஆடியோ பிரியர். டெக்ட்ரானிக்ஸ் தன் கருவிகளில் ஜெர்மனியின் டெலிஃபுங்கன் வால்வுகளையும் போட்டிருந்தது. ஆடியோ பிரியர்கள் அவற்றைப் பிடுங்கித் தம் ஆம்ப்ளிஃபையரில் வைத்து, பாட்டில் வெல்வெட் தெரிகிறது என்பார்கள். வால்வு உருவப்பட்ட 545-ஐப் பார்த்துவிட்டு நம்மாள் அன்று ராத்திரி சாப்பிட மாட்டார்.

சரி, ஸ்கோப் உயிர்பெற்றது. சோதிக்க அலை வேண்டுமே? அதற்கு ஹியூலெட் பேக்கார்டின் 200 வரிசை ஆசிலேட்டர். 'ஃபேன்டசியா' படத்துக்காக வால்ட் டிஸ்னி எட்டு வாங்கிய குடும்பம் அது. அலை ஏறாமல் இறங்காமல் காப்பது உள்ளே இருக்கும் ஒரு சின்ன பல்பு என்பதை நம்மாள் தினமும் சொல்வார். அந்த ஆசிலேட்டர் சரியா என்று பார்க்க வால்வு வோல்ட்மீட்டர். அதன் வால்வைப் பார்க்க வால்வு டெஸ்டர். டெஸ்டரில் கண்டென்சர் ஒழுகுகிறது. அதைக் கண்டுபிடிக்க ஒரு ஸ்கோப் வேண்டும். இந்த வட்டத்தை உடைப்பது, பீரோவுக்குப் பின்னால் துணி போர்த்தி வைத்திருக்கும் இரண்டு மூன்று கிலோ டிஜிட்டல் ஸ்கோப். அதைப் பற்றி அவரிடம் கேட்பது நாகரிகமல்ல.

கடைசியில் திரையில் பச்சைக் கோடு நேராக ஓடும். அதை வைத்து அவர் எதை அளக்கிறார்? ஒன்றையும் இல்லை. சுமார் 500 வாட் தின்று கராஜைச் சூடாக்குவதால் ஜனவரியில் மட்டும் ஹீட்டர் என்ற பேரில் பிரயோஜனம். பத்து நிமிடம் கோட்டைப் பார்ப்பார், அணைப்பார், அடுத்த பிணத்தைப் பெஞ்சில் தூக்கி வைப்பார். செத்த கருவிமேல் இருக்கும் பாசம் பிழைத்த கருவிமேல் இருப்பதில்லை. அதனால் குணமான கருவிகள் அலமாரியில் தூசு சேர்க்கின்றன. அப்படியும் விற்க மனசு வராது.

இப்படி ஒருவர் வீட்டுக்குப் போக நேர்ந்தால், "இதனால் என்ன உபயோகம்?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். "கண்டென்சரை மாத்தினீங்களா, தேத்தினீங்களா?" என்று கேளுங்கள். ஆனால் சாப்பிட்டுவிட்டுப் போய்க் கேளுங்கள்.